அத்தகைய பெண்களின் குழந்தைகள்: தொழிற்சட்டத்தில் ஓர் ஆறாம் வேற்றுமையின் வரலாறு

(நீண்ட பதிவு. தொழிலாளர் வரலாறு, சட்டமொழி ஆகிய இரண்டிலும் ஈடுபாடுள்ள ஆய்வு மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 48ஆம் பிரிவு குழந்தைகள் காப்பகத்தைப் பற்றியது. அதன் முதல் வாக்கியம் மூலத்தில் எவ்வாறு அமைந்திருந்ததோ அதற்கு நெருக்கமாகத் தமிழில் தருகிறேன்: ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் வழக்கமாகப் பணிபுரியும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும், அத்தகைய பெண்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுடைய பயன்பாட்டுக்கெனத் தகுந்த அறையோ அறைகளோ அமைக்கப்பட்டுப் பராமரிக்கப்பட வேண்டும்.

சட்ட மாணவர் இவ்வாக்கியத்தில் கடமையைத் தேடுவார். மொழியியல் பயின்றவருக்கு அதன் அடைமொழிகளே முதலில் கண்ணிற்படும். எத்தனை பெண்கள் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. ‘வழக்கமாக’ என்றொரு வினையடை இருக்கிறது. ஆய்வாளர் வரும் நாளில் நாற்பத்தொன்பது பேர் இருந்தால் அது வழக்கமா, விதிவிலக்கா என்று வழக்காட அது இடம் தருகிறது. இவ்விரண்டையும் தொழிலாளர் சட்ட நூல்கள் விரிவாகவே பேசியுள்ளன. அவ்வளவாகப் பேசப்படாதது மூன்றாவது: ‘அத்தகைய பெண்களின்’ என்ற ஆறாம் வேற்றுமைத் தொடர். (இன் என்பது உருபா, சாரியையா என்ற பழைய வழக்கை இங்கே கிளப்ப வேண்டாம், பொருளில் அது கிழமையே.) தொழிற்சாலையில் ஐந்நூறு ஆண்கள் இருக்கலாம், அவர்களுள் முந்நூறு பேருக்குப் பால்குடி மாறாத பிள்ளைகள் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அந்த ஆண்களுக்குக் குழந்தைகள் இல்லை. குழந்தை பெண்ணுக்கு உரியது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லாட்சி இன்னும் வெளிப்படையானது. அங்கே குழந்தைகள் அப்பெண்களுக்கு ‘உரிமையான’ குழந்தைகள். ஆங்கிலத்தில் உடைமைக்குப் பயன்படும் அதே வினைச்சொல்தான் குழந்தைக்கும் பயன்பட்டது.

நன்னூல் கிழமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின் கிழமை என்றும் பிரிக்கிறது. உடையவரிடமிருந்து பிரிக்கவியலாதது முன்னது. பிரிந்து நிற்பது பின்னது. என் கை, என் குரல் என்பன போன்ற தற்கிழமையாகவே தாயின் குழந்தையைத் தொழிற்சட்டம் கருதியது. தந்தைக்கோ பிறிதின் கிழமையைக்கூட அது அளிக்கவில்லை. இந்த ஒற்றை உருபு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இந்தியத் தொழிற்சட்டங்களில் எவ்வாறு பயணம் செய்தது, சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்குச் சென்ற பெண்ணின் அன்றாடத்தில் அது எவ்வாறு இறங்கியது என்பதே இப்பதிவின் பொருள்.

பம்பாயிலிருந்து தொடங்குவோம். பரேல், லால்பாக், ஒர்லி ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய கிரண்காவ், அதாவது ஆலையூர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் மிகப்பெரிய தொழிலாளர் குடியிருப்புகளுள் ஒன்று. நூலாலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நூல் சுற்றும் பகுதிகளில் துண்டுக்கூலிக்கு வேலை செய்தனர். 1922க்குப் பிறகு சட்டம் அனுமதித்த உச்சவரம்பு நாளொன்றுக்குப் 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம். குடியிருந்தது சாலில், பெரும்பாலும் ஒற்றை அறையில். குழாயடியில் தண்ணீர் பிடிப்பது, அடுப்பு மூட்டுவது, பாக்ரி தட்டுவது, கணவனுக்கும் சில வீடுகளில் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துபோகும் ஊர்க்காரர்களுக்கும் சமைப்பது ஆகியவை ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். இந்த நாளுக்குள் கைக்குழந்தை எங்கே இருந்தது?

இக்கேள்விக்கு அக்கால ஆவணங்கள் தரும் விடை அபினி. மராட்டியில் ‘பாளகோளி’ என்று வழங்கிய சிறு உருண்டை. சொல்லின் நேர்ப்பொருள் குழந்தை மாத்திரை. காலையில் ஒன்று கொடுத்தால் குழந்தை பகல் முழுவதும் அழாமல் உறங்கும். பசியும் அதற்குத் தெரியாது. 1922இல் பம்பாய் அரசின் பொருட்டு ஆலைப் பெண்களின் மகப்பேற்று நிலையை ஆராய்ந்த பெண் மருத்துவர் பார்ன்ஸ், தொழிலாளப் பெண்களின் குழந்தைகளுள் 98 விழுக்காட்டினருக்கு அபினி கொடுக்கப்படுவதாக எழுதினார். அதற்குப் பின்வந்த நூல்கள் பலவும் இவ்வெண்ணைச் சலிக்காமல் எடுத்தாண்டிருக்கின்றன. எனக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்பது எண்ணிக் கண்ட எண்ணைப் போலன்றி ‘எல்லாருமே’ என்பதன் மரியாதையான வடிவத்தைப் போல ஒலிக்கிறது. பழக்கம் மிகப் பரவலாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஆலைகளில் பிறந்த பழக்கமும் அன்று. மேற்கிந்தியாவிலும் ராஜஸ்தானிலும் வயல்வேலைக்குச் சென்ற பெண்களும், வேலைக்கே செல்லாத செல்வ வீட்டுப் பெண்களும்கூட இதைக் கைக்கொண்டனர். ஆலை செய்தது அந்தப் பழக்கத்துக்கு ஒரு கால அட்டவணையை வகுத்துத் தந்ததுதான்.

அறிக்கைகளின் தொனியைக் கவனிக்க வேண்டும். அபினி கொடுப்பவள் ‘அறியாமை மிக்க தாய்’. அந்த அபினி விற்றதோ அரசு உரிமம் பெற்ற கடையில். அதன் மீதான வரி மாகாண வருவாயின் ஒரு பகுதி. ஒரே அரசின் ஒரு துறை அபினியை ஏலத்தில் விட்டது; மற்றொரு துறை அதை வாங்கியவளின் அறியாமையைப் பதிவு செய்தது. இவ்விரு கோப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பார்ன்ஸின் ஆய்வு தானாக நிகழவில்லை. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. குழந்தைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் ஆறு வாரங்கள், வேலை நேரத்தில் பாலூட்ட நாளுக்கு இருமுறை அரைமணி நேரம் என்பன அதன் கூறுகள். இந்தியாவைப் பொறுத்தவரை, முதலில் நிலைமையை ஆராய்ந்து தெரிவிக்கும்படி மட்டுமே அரசு கேட்டுக்கொள்ளப்பட்டது. அவ்வாறுதான் பம்பாய்க்குப் பார்ன்ஸும் வங்காளச் சணலாலைகளுக்கு டாக்மர் கர்ஜெலும் வந்தனர். இருவரும் மருத்துவர்கள், இருவரும் பெண்கள். ஆலைக்குள் வராத குழந்தைகளைப் பற்றிப் பம்பாய் ஆவணங்கள் பேசுகின்றன. வங்காள ஆவணங்கள் ஆலைக்குள்ளேயே, இயந்திரங்களின் பக்கத்தில் கிடந்த குழந்தைகளைப் பற்றிப் பேசுகின்றன. அங்கே குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்ல யாருக்கும் அவசரமில்லை. தாய் வேலையில் இருக்கும்வரை அது நிர்வாகத்தின் சிக்கல் ஆகவில்லை.

1924இல் என். எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது தோற்கடிக்கப்பட்டது. பின்னர் களம் பம்பாய் மாகாணச் சட்டமேலவைக்கு மாறியது. அங்கே 1928இல் இதேபோன்ற மசோதா விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். அவ்வுரையின் வாதம் இன்றைக்கும் வாசிக்கத் தக்கது. பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பதால் அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்பதுதான் முறை என்பது அவர் நிலைப்பாடு. ஆயினும் பெண்ணின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளியை முற்றிலும் விடுவிக்க அவர் ஒப்பவில்லை. வேற்றுமை மொழியில் சொன்னால், குழந்தை பெண்ணுக்கு மட்டும் உரியது அன்று என்று அச்சபையில் ஒருவர் சொன்னார்.

1929இல் பம்பாய் மகப்பேற்று உதவிச் சட்டம் நிறைவேறியது. நாளுக்கு எட்டணா உதவித்தொகை. கொடுக்க வேண்டியவர் ஆலை முதலாளி. அரசின் பங்கு எதுவுமில்லை. அம்பேத்கரின் வாதத்தில் ஒரு பாதி மட்டுமே சட்டமாயிற்று என்று இதைக் கொள்ளலாம். மத்திய மாகாணம் 1930இலும், சென்னை மாகாணம் 1934இலும் தத்தம் சட்டங்களை இயற்றின.

அதன்பின் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. 1930களிலிருந்து பம்பாய் ஆலைகளில் பெண்களின் விகிதம் சரியத் தொடங்கியது. நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண் ஆலைத் தொழிலாளி அரிதானார். ஒரு பெண்ணை வேலைக்கு அமர்த்தினால் எட்டணா, ஆணை அமர்த்தினால் ஒன்றுமில்லை என்றால் முதலாளி யாரை எடுப்பார் என்ற எளிய கணக்கால் இதை விளக்குவோர் உண்டு. அவ்வளவு எளிதன்று என்பது என் கருத்து. பகுத்தறிவாக்கம் என்ற பெயரில் நிகழ்ந்த ஆட்குறைப்பு, பெண்கள் செறிந்திருந்த நூல் சுற்றும் பகுதிகளில் இயந்திர மாற்றம், பெண்களுக்கு இரவுவேலைத் தடை இருந்ததால் இரட்டை ஷிப்டுக்கு அவர்களைப் பயன்படுத்த இயலாமை ஆகிய யாவும் ஒரே பத்தாண்டில் நேர்ந்தன. பம்பாயைப் பற்றி ராதா குமாரும் வங்காளத்தைப் பற்றிச் சமிதா சென்னும் எழுதியவற்றை ஒருசேர வாசித்தால், ஒரு சட்டத்தின் செலவைக் காட்டிலும், பெண்ணின் சம்பளம் குடும்பத்துக்கு உபரி என்ற எண்ணமே ஆழமாக வேலை செய்தது புலப்படும். அவ்வெண்ணத்தைத் தொழிற்சங்கத் தலைவர்களும் பகிர்ந்துகொண்டனர். ஆட்குறைப்பு என்றால் முதலில் யாரை விடுவது என்பதில் முதலாளிக்கும் சங்கத்துக்கும் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை.

இதற்கிடையில் காப்பகங்கள் சில ஆலைகளில் தோன்றியிருந்தன. அவற்றுள் பல காலியாகவே கிடந்தன என்று அக்கால அறிக்கைகள் வருந்துகின்றன. கண்ணேறு பற்றிய அச்சம், சாதிக் கலப்பு பற்றிய தயக்கம், அந்நியரிடம் பிள்ளையை ஒப்படைக்க மனமின்மை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவை பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிக்கையாளர்கள் மேலோட்டமாகக் கடந்துபோகும் ஒரு காரணம் துண்டுக்கூலி. பாலூட்டச் செல்லும் கால்மணி நேரத்தில் சுற்றாத நூலுக்குக் கூலி இல்லை. காப்பகத்தின் கதவு திறந்திருந்தாலும் அதற்கு நடந்துசெல்லும் தூரத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைப் பெண்ணே கொடுத்தாள்.

நிலக்கரிச் சுரங்கத்தின் கதை வேறு. ஜாரியா, ராணிகஞ்ச் வயல்களில் குடும்பமே ஒரு வேலைக்குழு. ஆண் கரியை வெட்டுவான். ‘காமின்’ எனப்பட்ட பெண் கூடையில் சுமந்து தொட்டிவண்டியில் கொட்டுவாள். சந்தால், பௌரி முதலிய சமூகத்தினர் மிகுதி. 1923ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டோர் நிலத்தடியில் இருக்கவே கூடாது என்றது. குழந்தைத் தொழிலை ஒழிக்கும் நோக்கில் வந்த விதி அது, நோக்கம் சரியானது. ஆயினும் தொழில் செய்யும் பத்து வயதுச் சிறுவனுக்கும் தாயின் பக்கத்தில் உறங்கும் பத்து மாதச் சிசுவுக்கும் அவ்விதியில் வேறுபாடில்லை. மேலே விட்டுவந்த சிசுவை யார் பார்ப்பது என்பதற்கு அச்சட்டத்தில் பிரிவு எதுவுமில்லை. 1929இல் பெண்களையே நிலத்தடியிலிருந்து படிப்படியாக விலக்கும் விதிகள் வந்தன. 1937இல் விலக்கு முழுமையடைந்தது. போர்க்காலத்தில் கரி தேவைப்பட்டபோது, 1943இல், தடை தளர்த்தப்பட்டுப் பெண்கள் மீண்டும் கீழே இறக்கப்பட்டனர். தாய்மையைக் காப்பதற்கென்று வந்த தடை ரயில்களுக்குக் கரி வேண்டியபோது விலகியது. 1946இல் மீண்டும் வந்தது. சுரங்கங்களுக்கான காப்பக விதிகளும் அதே 1946ஆம் ஆண்டில்தான் பிறந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் கீழே வேலை செய்த காலம் முடிந்த பிறகு.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்களுள் 1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தைத் தனியே எடுத்துப் பேச வேண்டும். அதன்படி மகப்பேற்றுப் பணத்தைத் தனி முதலாளி தருவதில்லை. முதலாளிகளும் எல்லாத் தொழிலாளரும் செலுத்தும் பொதுநிதி தருகிறது. ஆண் தொழிலாளியின் சந்தாவிலிருந்தும் ஒரு பகுதி பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் பெண்ணின் மகப்பேற்றுக்குப் போகிறது. பெண்ணை அமர்த்தினால் கூடுதல் செலவு என்ற கணக்கை இது, தான் பரவிய இடங்களிலாவது, உடைத்தது. ஆனால் அதே ஆண்டில், அதே சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டம் காப்பகத்தைத் தனி முதலாளியின் தலையில் வைத்தது. பெண்களை எண்ணி வைத்தது. பேறு பொதுவாயிற்று, வளர்ப்பு ‘அத்தகைய பெண்களின்’ பெயரிலேயே நின்றது. இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து வாசிக்காதது நம் பாடத்திட்டங்களின் குறை.

எண் ஒரு கோடு. கோட்டுக்கு இப்பால் நின்றுகொள்வது எளிது. நாற்பத்தொன்பது பெண்களோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களை ஒப்பந்தக்காரரின் பெயரில் காட்டலாம். 1976இல் ஐம்பது முப்பதாகக் குறைக்கப்பட்டது. கோடு நகர்ந்ததேயன்றி எண்ணும் முறை மாறவில்லை. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 35ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கமாகப் பணிபுரியும் இடம், அத்தகைய பெண் தொழிலாளர்களின் குழந்தைகள், ஆறு வயது. 48 ஆண்டுகளுக்குப் பிறகும் வாக்கியம் ஏறத்தாழ அச்சு மாறாமல் இருக்கிறது. சட்ட வரைவாளர்கள் பழைய சட்டத்தைப் படியெடுப்பதில் வியப்பில்லை. ஆனால் கட்டுமானக் களத்தில், செங்கற்சூளையில், பெண்ணின் பெயர் பேரேட்டில் ஏறுவதே அரிது. கணவன் மனைவி இருவரின் உழைப்பும் கணவன் பெயரிலேயே எழுதப்படும் முறை இன்றும் பரவலாக உண்டு. சட்டம் பெண்களை எண்ணியது. பேரேடு ஆண்களை எண்ணியது. குழந்தைகள் மணற்குவியலில் இருந்தனர்.

அந்த மணற்குவியலிலிருந்து ஒரு நிறுவனம் தோன்றியது. 1969இல் தில்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்தபோது, வெயிலில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியது மொபைல் கிரெஷஸ். கட்டடம் முடிந்து தொழிலாளர்கள் நகரும்போது காப்பகமும் நகரும். அந்நிறுவனத்தின் அனுபவம் சட்டத்தின் வயது வரம்பில் இருந்த ஓட்டையைக் காட்டியது. ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காப்பகம் என்கிறது சட்டம். ஆனால் இரண்டு குழந்தைகள் உள்ள தொழிலாளக் குடும்பத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவள் ஏழு வயது அக்காள். தாயின் வேலைநாளை நடத்திக்கொடுப்பவள் அவளே. சட்டத்தில் அவள் காப்பகத்துக்கு உரியவள் அல்லள், பள்ளியிலும் இல்லை. மொபைல் கிரெஷஸ் மூத்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பம்பாய் ஆவணங்களில் பாட்டி, அண்டைவீட்டார், அபினி ஆகியோரைப் பற்றிய செய்திகள் உண்டு. இந்த அக்காளைப் பற்றி மிகக் குறைவு. அவள் பள்ளிக்குச் செல்லாத காரணத்தைக் கல்வி வரலாறு ‘பெற்றோரின் அலட்சியம்’ என்ற பத்தியில் எழுதிவைத்தது.

சொற்களைப் பற்றியும் சிறிது. கிரெஷ் என்ற பிரெஞ்சுச் சொல்லின் பழம்பொருள் மாட்டுத் தொழுவத்தின் தீவனத்தொட்டி. ஏசு பிறந்து கிடத்தப்பட்ட தொட்டியின் நினைவு அதில் உண்டு. 1844இல் பாரிசில் மார்போ என்பவர் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்கென நிறுவிய இல்லத்துக்கு இப்பெயர் வைத்தார். மராட்டியில் அது பாளணாகர், தொட்டில் வீடு. தாராபாய் மோடக் மராட்டிய நாட்டில் வளர்த்தெடுத்த பாலவாடியிலும் அங்கணவாடியிலும் தோட்டமும் முற்றமும் இருக்கின்றன. தமிழில் நாம் ‘காப்பகம்’ என்கிறோம். அநாதை இல்லத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் வைத்த அதே சொல்லை. மொழியைக் குற்றம் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளையைக் ‘காப்பகத்தில் விட்டிருக்கிறேன்’ என்று சொல்லும் தாயின் குரல் ஏன் ஒரு கணம் தாழ்கிறது என்பதை விளக்க அச்சொல்லின் மற்ற குடித்தனங்களையும் பார்க்க வேண்டும்.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியை நாடெங்கும் கொண்டுசென்றது. சத்துணவும் தடுப்பூசியும் அதன் மையம். தாயின் வேலைநேரம் அன்று. சில மணி நேரமே திறந்திருக்கும் அங்கன்வாடி, எட்டு மணி நேரம் புகையிலை வயலில் நிற்பவளுக்கு எவ்வாறு உதவும்? குஜராத்தில் எலா பட் நிறுவிய சேவா அமைப்பின் பெண்கள் இக்கேள்வியைக் கேட்டுத்தான் தொழிலாளியின் நாளுக்கேற்ப முழுநாளும் திறந்திருக்கும் மையங்களைக் கூட்டுறவாக நடத்தத் தொடங்கினர். அகமதாபாத்தின் சங்கினி அவ்வாறு தோன்றியது.

எண்ணும் முறையில் முதல் மாற்றம் நேர்ந்தது தேயிலைத் தோட்டங்களில். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஐம்பது பெண்கள் என்றே தொடங்கியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு மாற்று நிபந்தனையைச் சேர்த்தது: அல்லது, பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் இருபதோ அதற்கு மேலோ இருக்கும் இடம். ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்ட பெண்களையும் கணக்கில் சேர்த்தது. எனக்குத் தெரிந்தவரை, காப்பகம் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கக் குழந்தையையே எண்ணிய முதல் பெரிய இந்தியத் தொழிற்சட்டம் இதுதான். ஆறாம் வேற்றுமை அப்படியே நின்றது. ஆனால் குழந்தை அடைமொழியிலிருந்து எண்ணப்படுபொருளாயிற்று.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. வேலைத்தளத்தில் பெண்களுடன் வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருப்பின், அத்தகைய பெண்களுள் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும். அவருக்குக் கூலி உண்டு. கவனியுங்கள்: ‘பெண்களின்’ இல்லை, ‘பெண்களுடன் வரும்’. ஆறாம் வேற்றுமை போய் மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருள் வந்திருக்கிறது. யாருடைய குழந்தை என்பதை விட, யாருடன் வந்திருக்கிறது என்பதே செய்தி. குழந்தையைப் பார்த்துக்கொள்வது மண் அள்ளுவதைப் போல ஒரு நாட்கூலி வேலையாக வருகைப்பதிவேட்டில் ஏறியது. செயற்பாட்டில் இப்பிரிவு எத்தனை தளங்களில் மறக்கப்பட்டது என்பது வேறு கதை. வாக்கியத்தளவில் இது பெரிய நகர்வு. ஆனாலும் பார்த்துக்கொள்ள அமர்த்தப்படுபவர் ‘அத்தகைய பெண்களுள் ஒருவர்’. ஆண் தொழிலாளி நிழலில் அமர்ந்து ஐந்து குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை வரைவாளரால் எண்ணிப்பார்க்க இயலவில்லை.

அரசு ஊழியர் உலகத்தைச் சுருக்கமாகவே தொடுகிறேன். நடுவண் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு: பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள்கள், மூத்த இரு குழந்தைகள் வரை. பின்னர் தனித்து வாழும் தந்தையருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. மனைவியுடன் வாழும் தந்தைக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு. மனைவி இல்லாதபோதுதான் குழந்தை ஆணுக்கு உரியதாகிறது என்பது இவ்விதியின் இலக்கணம்.

இப்பதிவை வாசிப்போரில் பலர் ஆய்வு மாணவர்கள் என்பதால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறையையும் நினைவூட்டுகிறேன். 2022இல் அது மாற்றப்படும்வரை, பெண் ஆய்வாளருக்கு முனைவர் பட்டக் காலம் முழுமையிலும் ஒருமுறை, 240 நாள்கள் வரை, மகப்பேற்று விடுப்போ குழந்தை வளர்ப்பு விடுப்போ அளிக்கலாம் என்றிருந்தது. ‘ஒருமுறை’ என்ற சொல்லின் பொருளை இரண்டாவது குழந்தை பிறந்தபோது அறிந்தோம். மேலும் ஆய்வாளர் உதவித்தொகை பெறுபவர். ஊழியர் அல்லர் என்பது வழக்கமான வகைப்பாடு. வளாகத்தில் காப்பகம் வேண்டும் என்று மனு எழுதும்போது, நாம் எந்த எண்ணில் சேர்கிறோம் என்ற கேள்வி முதலில் எழும். மேற்சொன்ன வரலாறு நமக்கு அயலானது அன்று.

2017இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டது. விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்கள் ஆனதையே செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. (முதல் இரு குழந்தைகளுக்கு மட்டும், மூன்றாவதற்குப் பழைய 12 வாரங்கள்.) விடுப்புச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில் என்பதில் 1929க்கும் 2017க்கும் பெரிய வேறுபாடில்லை; காப்பீட்டுத் திட்டத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்களில் பழைய கணக்கு மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் புதிதாகச் சேர்ந்த 11ஏ பிரிவை வாசிக்கும்போது மொழியியல் மாணவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் காப்பக வசதி கொண்டிருக்க வேண்டும் என்கிறது அது. பெண்கள் இல்லை, ஊழியர்கள். ஆணும் பெண்ணும் கூட்டி ஐம்பது. பெண்களைக் குறைத்துக் கோட்டுக்கு இப்பால் நிற்கும் வழி, எழுத்தளவிலேனும், அடைபட்டது. குழந்தைகள் யாருடையவை என்ற தொடரே அவ்வாக்கியத்தில் இல்லை. எண்பது ஆண்டுக்கால ஆறாம் வேற்றுமை சத்தமின்றி மறைந்துவிட்டது. நாடாளுமன்ற விவாதங்களில் இந்த மாற்றம் பெற்ற கவனம் விடுப்பு வாரங்கள் பெற்றதில் ஒரு சிறு பகுதிகூட இராது.

அடுத்த வரியில் ஒரு காப்புவாசகம் வருகிறது. காப்பகத்துக்கு நாளொன்றுக்கு நான்கு முறை சென்றுவர முதலாளி அனுமதிக்க வேண்டும். யாரை? அங்கே மீண்டும் ‘பெண்ணை’. ஊழியர் என்று தொடங்கிய பிரிவு, குழந்தையை நோக்கி நடக்க வேண்டிய இடம் வந்ததும் பெண் என்ற சொல்லுக்குத் திரும்பிவிடுகிறது. அந்த நான்கு வருகைகளுக்குள் அவளுக்கு அளிக்கப்படும் ஓய்வு இடைவேளையும் அடங்கும் என்றும் அவ்வரியே சொல்கிறது.